தவறி வந்த பணம்



பணம் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும் முறை நம் நாட்டில் மிக விரைவாக மாறிவிட்டது. ஒரு காலத்தில், வெளியூரில் தங்கிப் படிக்கும் மகனுக்குத் தந்தையார் மணியார்டர் அனுப்புவார். தபால்காரர் விடுதிக்கு வந்து, பெயரைக் கேட்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டு, நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். அங்கே ஆள் மாறிப் பணம் போவது அரிது. ஏனெனில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இன்றோ முகம் இல்லை. எண் மட்டுமே உண்டு. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் முறை தொடங்கப்பட்ட பிறகு, தேநீர்க் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய 12 ரூபாயும் செல்பேசி வழியாகவே செல்கிறது. வசதி பெரிது, ஐயமில்லை. ஆனால் எண்ணைக் கொண்டு நடப்பதில் எண்ணால் வரும் பிழையும் உண்டு. ஒரு நாள் காலை உங்கள் கணக்கைப் பார்க்கிறீர்கள். நீங்கள் எதிர்பாராத 18,000 ரூபாய் அதில் வரவாகியிருக்கிறது. யார் அனுப்பினார், எதற்காக அனுப்பினார் என்பது தெரியவில்லை. அந்தப் பணத்தை என்ன செய்வது? இக்கேள்வியைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில், இத்தகைய பிழை எவ்வாறு நேர்கிறது என்று பார்ப்போம். வங்கிக்குப் பணம் அனுப்புவோர் கணக்கு எண், பெயர், கிளையைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். பெயரும் கொடுக்கப்படுவதால், எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று வங்கி பார்த்துக்கொள்ளும் எனப் பலர் எண்ணுகிறார்கள். மின்னணு முறையில் அனுப்பும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு வரவு வைக்கலாம் என்றும், சரியான எண்ணைக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புவோருடையது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே பெயர் சரியாக இருந்தும் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால், அந்த எண்ணுக்கு உரியவர் எவரோ அவரிடம் பணம் போய்ச் சேரும். இக்குறையைப் போக்கும் பொருட்டு, அனுப்புமுன் அக்கணக்கு யார் பெயரில் உள்ளது என்று காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் நாளுக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. ஆயினும் காட்டப்படும் பெயரைப் படித்துப் பார்க்கும் பொறுமை அனுப்புவோரிடம் இருந்தால்தான் அவ்வசதி பயன்படும்.

எண்ணைப் படியெடுக்கும்போது மனிதர் செய்யும் பிழைகளில் மிகப் பழையது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. 7,520 என்பதை 5,720 என்று எழுதிவிடுகிறோம். இரண்டுக்கும் வேறுபாடு 1,800. இதனை 9 மீதியின்றி வகுக்கும். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் இவ்வாறே வரும். இரண்டிலக்க எண் ஒன்றில் பத்தாம் இடத்து இலக்கத்தையும் ஒன்றாம் இடத்து இலக்கத்தையும் மாற்றிக் கழித்துப் பாருங்கள். விடை அவ்விரு இலக்கங்களின் வேறுபாட்டைப் போல் 9 மடங்கு இருக்கும். வரவும் செலவும் ஒத்துவராமல், இடைவெளி 9-ஆல் வகுபடுமாயின், கணக்கர்கள் முதலில் இந்த இடமாற்றத்தையே தேடுவார்கள். தொகையில் நேரும் பிழையைப் பிடிக்க இது உதவும். கணக்கு எண்ணிலேயே பிழை நேர்ந்தால்? அதற்கும் அறிஞர் வழி கண்டனர். ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார் 1960-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையின்படி, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற ஓர் இலக்கத்தை எண்ணின் இறுதியில் சேர்த்துவிடுகிறார்கள். கடனட்டை எண்களில் இம்முறை கையாளப்படுகிறது. அதில் ஓர் இலக்கம் மாறினாலும் இயந்திரம் உடனே கண்டுகொள்ளும். செல்பேசி எண்ணில் அப்படிப்பட்ட காவல் இலக்கம் கிடையாது. ஓர் இலக்கம் மாறினால் அது பிழையான எண் ஆவதில்லை. வேறொருவருடைய சரியான எண் ஆகிவிடுகிறது. தவறி வரும் பணத்தின் பிறப்பிடங்களுள் இதுவும் ஒன்று.

இனி, வந்த பணம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். "என் கணக்கில் இருக்கிறது; ஆகவே என்னுடையது" என்று சொல்வது எளிது. ஆனால் கணக்கில் பணம் இருக்கிறது என்பதன் பொருள் யாது? உங்கள் பெயர் எழுதிய பை ஒன்று வங்கியின் பெட்டியில் இருப்பதாகப் பொருள் அன்று. வங்கி உங்களுக்கு இத்தனை ரூபாய் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று தன் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறது, அவ்வளவே. ஏட்டில் எழுதுவது ஒரு செயல். உரிமை உண்டாவது வேறொரு செயல். உழைப்பினாலோ, விற்பனையினாலோ, கொடையினாலோ, மரபுரிமையினாலோ ஒரு பொருள் நம்முடையதாகிறது. எழுதுவோர் கை தவறியதனால் ஒரு பொருள் நம்முடையதாவதில்லை. அண்டை வீட்டுக்காரரின் ஆடு வேலி தாண்டி நம் கொல்லைக்கு வந்துவிட்டால் அது நம் ஆடு ஆகிவிடுமா?

இந்தக் கருத்து மிகத் தொன்மையானது. கொடுக்கக் கடமையில்லாத பணத்தைக் கடமை உண்டென்று தவறாக எண்ணிக் கொடுத்தவன், அதனைத் திரும்பப் பெறலாம் என்பது பண்டை உரோமானியச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு பிரபு 1760-ஆம் ஆண்டில் வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பு ஒன்றில், இயற்கை நீதியின்படி வைத்துக்கொள்ளத் தகாத பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்று விளக்கினார். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில், தவறுதலாகப் பணத்தைப் பெற்றவர் அதனைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் என்று கூறுகிறது. அப்பிரிவில் ஓர் எளிய எடுத்துக்காட்டும் உண்டு. இருவர் சேர்ந்து மூன்றாமவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார். அதை அறியாத மற்றவரும் 100 ரூபாய் கொடுக்கிறார். இரண்டாவதாக வந்த 100 ரூபாயை மூன்றாமவர் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை, ஆயினும் கடமை உண்டு. ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளாத இருவருக்கிடையே, ஒப்பந்தம் செய்துகொண்டதைப் போன்ற கடமையைச் சட்டம் இங்கே உண்டாக்குகிறது.

இக்கடமை தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. முன்பேர வணிகத்துக்காக வணிகர் ஒருவர் செலுத்திய விற்பனை வரி, சட்டப்படி விதிக்கத் தகாதது என்று பின்னர்த் தெரியவந்தது. அதனைத் திரும்பக் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டத்தைத் தவறாக உணர்ந்து கொடுத்ததும் 'தவறு' என்பதில் அடங்கும். அரசாங்கமே பெற்றிருந்தாலும் திருப்பித் தரவேண்டும் என்று 1958-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுக்கு ஒரு நீதி, குடிமகனுக்கு ஒரு நீதி என்று இதில் இல்லை.

வகுப்பில் இப்பொருளைப் பேசும்போதெல்லாம் மாணவர்கள் சில தடைகளை எழுப்புவார்கள். அவை அறிவுள்ள தடைகளே; ஆகவே விடை கூற வேண்டியவை.

முதல் தடை: "பிழை செய்தவர் அவர், கவனமில்லாமல் இருந்ததற்கு அவர்தாமே இழப்பை ஏற்கவேண்டும்?" இதற்கு இங்கிலாந்தில் 1841-ஆம் ஆண்டில் நடந்த வழக்கு ஒன்று விடை தருகிறது. ஆயுள் காப்புறுதி செய்துகொண்ட ஒருவர் தவணைப் பணம் கட்டாததால் அவருடைய காப்புறுதி நின்றுபோயிருந்தது. அவர் இறந்தபின், காப்புறுதி நிறுவனத்தார் அதனை மறந்து, அவருடைய மனைவிக்குத் தொகையைக் கொடுத்துவிட்டனர். நிறுவனத்தாரின் கவனக்குறைவு வெளிப்படை. ஆயினும், கொடுத்தவர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்திருந்தாலும், உண்மையிலேயே தவறி வழங்கியிருப்பாராயின் திரும்பப் பெறலாம் என்றே நீதிமன்றம் கருதியது. ஒருவருடைய கவனக்குறைவு மற்றொருவருக்குச் சம்பாத்தியம் ஆகாது என்பது இதன் கருத்து.

இரண்டாம் தடை: "எனக்கு வரவேண்டியது என்றே நம்பிச் செலவழித்துவிட்டேனே!" இதில் ஓரளவு நியாயம் உண்டு, சட்டமும் அதனைக் கேட்காமல் இல்லை. அரசு ஊழியருக்கு அலுவலகக் கணக்கின் பிழையால் பல ஆண்டுகள் கூடுதல் ஊதியம் வழங்கப்பட்டுவிடுவது உண்டு. இதுபற்றி 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், எந்தெந்த நிலைகளில் அத்தொகையைப் பிடித்தம் செய்யலாகாது என்று வகுத்துரைத்தது. கீழ்நிலை ஊழியர், ஓய்வு பெற்றவர், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர், ஐந்தாண்டுகளுக்கு மேல் கூடுதலாகப் பெற்றுவந்தவர் ஆகியோர் அவற்றுள் அடங்குவர். அவர்கள் அத்தொகையைத் தம் ஊதியம் என்றே நம்பிக் குடும்பம் நடத்தினர். திடீரென்று பறித்தால் கொடுமையாகும். இது நீதிமன்றம் காட்டிய இரக்கம். இதனை நாமே நமக்கு வழங்கிக்கொள்ள இயலாது. மேலும், யார் அனுப்பினார் என்றே தெரியாத 18,000 ரூபாயைத் தம்முடையது என்று நம்பினேன் எனக் கூறுவோரை உலகம் நம்புமா என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாம் தடை: "நான் எடுக்கவில்லையே, தானாக வந்தது. இது திருட்டு ஆகுமா?" வந்தபொழுது அது குற்றம் அன்று. ஆனால் கதை அதோடு முடிவதில்லை. பிறர் பொருளை நேர்மையின்றித் தன்வயப்படுத்திக்கொள்வது தனியொரு குற்றம். இது முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-ஆம் பிரிவாக உள்ளது. ஆறு மாதத்திற்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும், அபராதமும் விதிக்க அது இடம் தருகிறது. பிறர் பொருளைத் தன்னுடையது என்று நல்லெண்ணத்தோடு எடுத்தவன் திருடன் ஆகான். பிழையை அறிந்த பின்னும் அதனைத் தன் பயனுக்கு ஆக்கிக்கொண்டால் குற்றவாளி ஆவான் என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே விளக்குகிறது. ஆக, கை செய்யும் குற்றம் ஒன்று. மனம் மாறுவதால் நேரும் குற்றம் மற்றொன்று. திருவள்ளுவரும் பிறர் பொருளைக் கவர்வதைக் கடியக் கள்ளாமை என்றும், அதன்மேல் ஆசை வைப்பதைக் கடிய வெஃகாமை என்றும் இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே வைத்தார் அல்லவா? தவறி வந்த பணம் நம்மைச் சோதிப்பது இந்த இரண்டாம் இடத்தில்தான்.

சோதனையில் தவறியவர்களின் கதைகளும் உண்டு. நியூசிலாந்து நாட்டில் 2009-ஆம் ஆண்டில், எண்ணெய் நிலையம் நடத்திய ஒருவருக்கு 1 இலட்சம் டாலர் வரை கடன் எடுக்க அனுமதிக்க வேண்டிய வங்கி, இரண்டு சுழிகளைக் கூடுதலாக இட்டு 1 கோடி டாலர் வரை அனுமதித்துவிட்டது. அவர் பெருந்தொகையை வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார், 2011-இல் பிடிபட்டார், 2012-இல் சிறைத்தண்டனை பெற்றார். நம் சென்னையில் 2023 செப்டம்பரில், வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவாகியிருப்பதாகச் செய்தி வந்தது. அவரால் நம்ப முடியவில்லை. மெய்தானா என்று அறிய நண்பர் ஒருவருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். அது போய்ச் சேர்ந்தது. சிறிது நேரத்தில் வங்கி தன் பிழையை உணர்ந்து எஞ்சிய தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வங்கியின் பிழை அவ்வளவு விரைவில் திருத்தப்படும். ஆனால் தனிமனிதர் ஒருவர் எண்ணை மாற்றி அனுப்பிவிட்டால் நிலைமை வேறு. அப்போது வங்கி தன் விருப்பப்படி உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. உங்கள் இசைவைக் கேட்கிறது. அந்த மனிதரின் பணம் அவரிடம் திரும்புமா என்பது அப்போது உங்கள் ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது.

அந்த மனிதர் யாராக இருக்கக்கூடும்? மகளின் கல்லூரிக் கட்டணத்தை நாளைக்குள் கட்டவேண்டும் என்று நகையை அடகு வைத்த தாயாக இருக்கலாம். மருத்துவமனையில் கிடக்கும் தம்பிக்கு அனுப்பிய கட்டடத் தொழிலாளியாக இருக்கலாம். பணம் போய்விட்டது என்று அவருக்குத் தெரிகிறது. யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை. நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள். "கேட்டால் கொடுப்பேன்" என்பது போதிய நேர்மை அன்று. கேட்க அவருக்கு வழி இருக்கவேண்டுமே!

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, தொடாதீர்கள். அந்தத் தொகையை எடுக்கவோ, கடன் கொடுக்கவோ, வேறு கணக்குக்கு மாற்றவோ கூடாது. கல்விக்கடன் தவணை போன்றவை தானாகவே கழியும் ஏற்பாடு இருந்தால், அதனால் அத்தொகை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணம் மெய்யாகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி சான்று ஆகாது. கணக்குப் புத்தகத்திலோ, வங்கியின் செயலியிலோ இருப்புத் தொகையைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். "தவறி உங்களுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டேன்" என்று பொய்க் குறுஞ்செய்தி அனுப்பி, அழுத குரலில் பேசி, உங்கள் சொந்தப் பணத்தைக் கறந்துகொள்வோர் உண்டு. பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதனைக் கேட்பவர் உங்களிடமிருந்து எடுக்கவே கேட்கிறார்.

மூன்றாவது, மெய்யாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். திருப்பித் தருவதுதானே நேர்மை என்பீர்கள். ஆம், ஆனால் யாரிடம் என்பது முக்கியம். ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை வஞ்சகர் உங்கள் கணக்கில் விழச் செய்கிறார்கள். பிறகு உங்களை அழைத்து, "தவறி வந்துவிட்டது, இந்த வேறொரு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார்கள். நீங்கள் நல்லெண்ணத்தோடு அனுப்புகிறீர்கள். பணத்தை இழந்தவர் காவல்துறையில் முறையிடும்போது, தடம் உங்கள் கணக்குக்கே வந்து நிற்கிறது, கணக்கு முடக்கப்படுகிறது, நீங்கள் விளக்கம் கூறவேண்டியவர் ஆகிறீர்கள். சிறு தரகுக்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கைப் பிறர் பயன்படுத்தக் கொடுத்து, வழக்கில் சிக்கிய மாணவர்களும் உண்டு. கணக்கை இரவல் கொடுப்பது கையொப்பத்தை இரவல் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, அன்றே வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். "இந்த நாளில், இந்த நேரத்தில், இந்தப் பரிமாற்றக் குறிப்பு எண்ணுடன் இத்தனை ரூபாய் என் கணக்கில் வரவாகியிருக்கிறது. இது எனக்கு உரியது அன்று. ஆராய்ந்து, வந்த கணக்குக்கே திருப்பிவிட இசைகிறேன்" என்று நான்கு வரிகள் போதும். ஒரு படியில் வங்கியின் முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் எழுதினால் அதன் படியை வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் என்று கூறிக்கொண்டு எவரேனும் அழைத்தால், "என் வங்கிக்குத் தெரிவித்துவிட்டேன், தாங்கள் தங்கள் வங்கி வழியாக வாருங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். உண்மையானவருக்கு இவ்விடை மன ஆறுதல் தரும். வஞ்சகர் மீண்டும் அழைக்கமாட்டார்.

இதே பிழையை நீங்கள் செய்துவிட்டால்? காலம் கடத்தாமல் உங்கள் வங்கிக்கு எழுதுங்கள், யு.பி.ஐ. வழியாயின் அச்செயலியிலேயே முறையீட்டுக்கு இடமுண்டு. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். வஞ்சகம் நடந்திருப்பதாகத் தோன்றினால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கவேண்டும். பெற்றவர் தர மறுத்தால் நீதிமன்றம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள் உண்டு. தவறு தெரியவந்த நாளிலிருந்தோ, முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அது கணக்கிடப்படும். ஆயினும் வருமுன் காப்பதே சிறப்பு. புதிய கணக்குக்குப் பெருந்தொகை அனுப்புமுன் ஒரு ரூபாய் அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் தோன்றும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். எண்ணை இடமிருந்து வலமாக ஒருமுறையும், வலமிருந்து இடமாக ஒருமுறையும் ஒப்பிடுங்கள்.

நண்பர்களே, இன்று ஒரு நாளில் கோடிக்கணக்கான பரிமாற்றங்கள் ஒருவரை ஒருவர் அறியாத மக்களிடையே நடக்கின்றன. இயந்திரம் எண்ணைச் சரிபார்க்கும். சட்டம் குற்றத்தைத் தண்டிக்கும். ஆனால் இலக்கம் ஒன்று பிசகிய இடத்தில், வங்கி ஆராய்வதற்கு முன்பும் சட்டம் விழிப்பதற்கு முன்பும், முதலில் அதனை அறிபவர் பணத்தைப் பெற்றவரே. அவர் எழுதும் நான்கு வரிக் கடிதம் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கவலையைத் தீர்க்கிறது. அக்கடிதத்தை எழுதத் தெரிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே.